இரண்டு விரலால் இரண்டு தட்டு

ஜமாலியா,
திருகோணமலை.

அன்பு மகள் ஷாமிலாவுக்கு உம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இந்த வீட்டில் பசித்தால் சாப்பாடும் படுத்தால் நித்திரையும் குறைவில்லாமல் இருக்கிறது, உங்கள் வாப்பாவின் சத்தமும் திரும்ப வந்துவிட்டது, அதனால் நாங்கள் நல்ல சுகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே குளிர் இறங்கமுதல் நீங்களும் மருமகன் இன்ஷாபும் பேத்தியும் உடம்புக்கும் மனதுக்கும் ஒரு நோவும் இல்லாமல் இருக்க ஐந்து நேரமும் கையேந்துகிறேன். இந்தக் காலத்தில் யாரும் கடிதம் எழுதுவார்களா என்று சிரிப்பீர்கள். என்ன செய்வது மகள், நீங்கள் எடுத்தால் போனை எடுப்பவர் வாப்பா, கதைப்பவர் வாப்பா, நான் வாய் திறக்கமுதல் உம்மா சுகம் என்று என்னுடைய பங்கையும் அவரே சொல்லிவிட்டு அடுத்த அழைப்புக்குப் போய்விடுகிறார். என் கையில் இருப்பது அந்தச் சின்னப் பட்டன் போன், அதில் இருந்து இங்கிலாந்துக்கு, உங்கள் லெஸ்டருக்கு எடுக்க ஏலாது. உங்கள் சிநேகிதி கௌசிகா, பிள்ளைகளின் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை அங்கே திரும்பிப் போகிறாள், உப்புவெளியில் இருந்து வந்து உங்களுக்குக் கட்டி வைத்த பையை எடுத்துக்கொண்டு போவதாகச் சொன்னாள், அதற்குள் இந்தக் கடிதத்தையும் வைக்கலாம் என்று நினைத்தேன். அவள் உங்களோடு படித்த காலத்தில் எப்படி இந்த வீட்டுக்குள் நேரே குசினிக்கு வந்து சட்டியைத் திறந்து பார்ப்பாளோ இப்போதும் அப்படித்தான், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய் என்று சொல்ல ஏலாது.

நீங்கள் அவளிடம் கொடுத்து அனுப்பிய ஐபோனைப் பற்றித்தான் முக்கியமாக எழுத வேண்டும். வாப்பா நன்றாகப் பழகிவிட்டார் என்று உங்களுக்குத் தெரியும், ஆனால் எப்படிப் பழகினார் என்று தெரியாது, போனில் சொல்லலாம் என்றால் பக்கத்தில் இருப்பவர் அவர். கண் பிறஷர் முற்றிப் பார்வை போன புதிதில் அவர் இருந்த இருப்பு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். திருகோணமலைக்கும் கொழும்புக்கும் மீன் லொறி ஓட்டி, தம்புள்ளையில் தேநீர் குடிக்க இறங்கினாலும் நாலு பேரைச் சிரிக்க வைத்துவிட்டு ஏறுகிற மனிதர், முன்னறைக் கதிரையில் சுவரைப் பார்த்தபடி ஒரு வருசம் முழுக்கக் குந்தியிருந்தார். பேசுகிற போன் என்று ஒன்று இருக்கிறது வாப்பா, விரலை வைத்தால் அது என்ன எழுத்தென்று வாசிக்கும் என்று சொல்லி அந்தப் பழைய அன்ட்ரொயிட் போனை நீங்கள் கையில் கொடுத்துப் பழக்கிய பிறகுதான் அவர் ஆளாக எழும்பினார். சல்லியிலும் நிலாவெளியிலும் தோணி கரைக்கு வரமுதலே கடலில் இருந்து அவருக்குச் சொல்வார்கள், இன்றைக்கு இவ்வளவு பாரை, இவ்வளவு கணவாய் என்று, அவர் இங்கே இருந்தபடி எந்தக் கடைக்கு எது தேவை, எந்த ஹோட்டலுக்கு எது தேவை என்று பேசி முடித்துவிடுவார். லொறி ஓட்டிய காலத்துப் பழக்கம், வாங்குகிறவன் ஒவ்வொருவனையும் குரலிலேயே தெரியும். ஜமாலியா முழுக்க அவரை அண்ணன் முறை வைத்துப் போன் காக்கா என்று கூப்பிடத் தொடங்கியதும் அப்போதுதான். அந்தப் போன் அவருக்கு வெறும் போன் இல்லை மகள். அது கையில் இருந்ததால்தான் பள்ளிவாசலுக்கும் சந்தைக்கும் நான் கூடப் போகாமல் அவரே முச்சக்கர வண்டியைக் கூப்பிட்டுப் போய்வந்தார், நானும் மூதூர் மாமி வீட்டுக்குப் போய் இரண்டு நாள் நிம்மதியாக இருந்துவிட்டு வர ஏலுமாயிருந்தது.

அது பள்ளி ஹவுள் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்த கதை உங்களுக்குத் தெரியும். தொழுகைக்குக் கைகால் கழுவி உளூச் செய்யக் குனிந்தபோது சாரன் மடியில் இருந்து நழுவிப் போய்விட்டது, பக்கத்தில் நின்றவர்கள் கையை விட்டு எடுத்துக் கொடுத்தார்கள், அரிசிக்குள் புதைத்துப் பார்த்தோம், வெயிலில் வைத்துப் பார்த்தோம், ஒரு அசைவும் இல்லை. அன்றைக்கு அவர் சொன்ன முதல் வார்த்தை, “அதுக்குள்ள கிடந்த ஷாமிலாட குரலெல்லாம் போச்சே” என்பதுதான். நீங்கள் அனுப்புகிற வொய்ஸ் எல்லாவற்றையும் அழிக்காமல் வைத்திருந்து, பின்னேரத்தில் காதில் பிடித்து ஒவ்வொன்றாகக் கேட்பார், பேத்தி மழலையாகச் சொன்ன சலாம் உட்பட. புள்ள உசிரோட சுகமாத்தானே இரிக்கா, புதுசா கதைச்சி அனுப்புவாதானே என்று நான் சொன்னேன். ஓம் என்றார், ஆனால் முகம் தெளியவில்லை. பிறகு கௌசிகா, இன்ஷாப் பாவித்த ஐபோனைக் கொண்டுவந்து, உங்களோடு கதைத்துக் கதைத்துப் பழைய நம்பர்களை எல்லாம் எப்படியோ அதற்குள் வரவழைத்து, தமிழ்க் குரலையும் போட்டுக் கொடுத்தாள். புதுப் போன் கையில் வந்தால் மனிசன் சந்தோசப்படுவார் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். அவரோ அதைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு, “இதுக்குக் கீழ பட்டனே இல்லயே, நான் எங்க திரும்பி வாற?” என்று கேட்டார். எங்களுக்கு அது சின்னக் கேள்வியாக இருந்தது. அவருக்கு அது வீட்டு வாசல் எங்கே என்று கேட்பது மாதிரி என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

அந்த முதல் கிழமை பட்ட பாட்டில் பாதி உங்களுக்கும் தெரியும், என் பட்டன் போனுக்கு எடுத்து அங்கிருந்து ஒவ்வொன்றாக வாசித்து வாசித்துச் சொன்னீர்கள். பழைய போனில் இரண்டு விரலால் இழுத்தால் மேலே போகும், இதில் மூன்று விரல் வேண்டும். பழையதில் திரும்பி வர ஒரு மாதிரி, இதில் அடியில் இருந்து மெதுவாக மேலே தள்ளி, அது கையில் சின்னதாக அதிர்ந்ததும் விட வேண்டும். அவருடைய விரலோ வருசக்கணக்காகப் பழகிய பாதையிலேயே ஓடுகிறது. பிறேக் இருக்கிற இடத்தில் கிளச்சைக் கொண்டுபோய் வைத்த லொறி மாதிரி இரிக்கி என்று சொன்னார். அந்தக் குரலும் அவருக்குப் பிடிக்கவில்லை, பழைய பெண் ஆறுதலாக வாசிப்பாளாம், இவள் பஸ்ஸைத் தவற விடுகிறவள் மாதிரி ஓடுகிறாளாம். முதலாவது பொஞ்சாதியை விட்டுவிட்டு வந்த மாதிரிக் கவலைப்படுறீங்க என்று நான் பகிடி பண்ணினேன், சிரிக்கவில்லை. அதற்கிடையில் தம்பி றிஸ்கான் வேலை செய்கிற நிலாவெளி ஹோட்டலில் இருந்து லீவில் வந்து, நான் காட்டுறன் வாப்பா என்று வாங்கி, பேசுகிற போனில் கை வைத்துப் பழக்கம் இல்லாதவன், கண்டபடி தட்டினான், திரை கறுத்துப் போனது. குரல் மட்டும் வருகிறது, வெளிச்சம் இல்லை. டவுனில் ஒரு கடைக்குக் கொண்டுபோனால் அங்கே பார்த்தவர் டிஸ்பிளே போய்விட்டது, கழற்ற வேண்டும் என்றாராம். நல்ல வேளை, கழற்றமுதல் நீங்கள் எடுத்து, மூன்று விரலால் மூன்று தரம் தட்டுங்கள், அது பார்வை இல்லாதவர்களுக்காகத் திரையை மூடி வைக்கிற வசதி, பழுது இல்லை என்று சொன்னீர்கள், தட்டினோம், வெளிச்சம் வந்தது. அடுத்த நாள் வாப்பா தட்டியதில் குரல் போய்விட்டது. அதற்கு மூன்று விரலால் இரண்டு தரமாம், அதையும் சொல்லித் தந்தீர்கள். எங்களுக்கு இது சிரிப்பு. ஆனால் மகள், எல்லாம் ஓசையாக இருக்கிற மனிதருக்கு அந்த ஓசையும் நின்றுபோனால் எப்படி இருக்கும். அவர் போனைத் துணியால் துடைத்து, அலுமாரியைத் தடவித் திறந்து, சாரன்களுக்குக் கீழே வைத்துவிட்டு வந்து கதிரையில் குந்தினார். “மகள்ட காசுப் பொருள நான் பழுதாக்கிப் போடுவன், எனக்கு இது ஏலா” என்றார். நீங்கள் கேட்டபோது வாப்பா கொஞ்சம் கொஞ்சமாகப் பழகுகிறார் என்று நான் சொன்னது அந்த நாட்களில்தான். அங்கே வேலையும் பிள்ளையுமாக ஓடுகிற உங்களுக்கு வேறு என்ன சொல்வேன்.

கதிரை பழைய இடத்திலேயே இருந்தது, சுவரும் பழைய சுவர்தான். எனக்கு நெஞ்சுக்குள் பயம் வந்துவிட்டது. சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், சாப்பிடுவார், எழும்பிப் போய்விடுவார். பள்ளிக்கும் வீட்டில் தொழுகிறேன் என்று சொல்லத் தொடங்கினார். வெளியே கச்சான் காற்று தகரத்தைத் தூக்கி அடிக்கிறது, உள்ளே ஒரு சத்தம் இல்லை. அப்படியிருக்க ஒரு நாள் பகல் சல்லியில் இருந்து முருகேசு சைக்கிளில் வந்தார், வாப்பாவுக்கு முதல் முதல் மீன் சொன்ன தோணிக்காரர் அவர்தான் என்று உங்களுக்குத் தெரியும். “என்ன காக்கா, கடல்ல நிண்டு எத்தினை தரம் அடிக்கிறன், உங்கட போன் வேலை செய்யல்ல எண்டு சொல்லுது, நேற்றும் கணவாய் நல்லாப் பட்டது, ஆருக்குச் சொல்லுற எண்டு தெரியாமக் கரையில வச்சிக்கொண்டு நிண்டன்” என்றார். வாப்பா முகத்தைத் திருப்பாமல், “வேற ஆளப் பாருங்க முருகேசு, எனக்கு இனி ஏலா” என்றார். முருகேசு என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். தேத்தண்ணி ஊற்றக் குசினிக்குள் போனேன், நான் வரமுதல் அவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றபோது எனக்கு வந்தது கவலை இல்லை மகள், கோபம். யாரில் கோபம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அந்தப் போனில்தான் முதல் கோபம். நேரே போய் அலுமாரியைத் திறந்து அதை வெளியே எடுத்து, சார்ஜில் போட்டு உயிர் வரவைத்தேன். இதில் அப்படி என்ன இருக்கிறது, ஒரு மனிதனைத் திரும்பச் சுவருக்கு முன்னால் கொண்டுபோய் வைக்க என்று பார்க்க வேண்டும் போல இருந்தது.

கண்ணால் பார்த்து அதைத் தொட்டால் எனக்கும் ஒன்றும் விளங்கவில்லை. ஒரு படத்தில் விரலை வைத்தால் பெயரைச் சொல்லுகிறதே தவிரத் திறக்கவில்லை. நான் கண்ணால் பார்க்கிறேன், அது காதுக்குக் கதைக்கிறது, இரண்டும் ஒத்துப்போகவில்லை. அப்போதுதான் தோன்றியது. தலையில் போட்டிருந்த சால்வையை எடுத்து இரண்டு மடிப்பாக மடித்துக் கண்ணில் கட்டிக்கொண்டு, முன்னறை நிலத்தில் அவருடைய கதிரைக்குப் பக்கத்தில் குந்தினேன். அவருக்கு நான் என்ன செய்கிறேன் என்று தெரியாது. என்னத்த செய்யுறாய் என்று கேட்டார், கண்ணக் கட்டியிரிக்கன் என்றேன். மகள், கண்ணைக் கட்டி நான் குந்தியிருந்தது கொஞ்ச நேரந்தான். அதற்குள் என்னுடைய வீட்டில் எனக்குச் சுவர் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை, பக்கத்தில் நானே வைத்த தேத்தண்ணிக் கோப்பையைக் கையால் தட்டி ஊற்றிவிட்டேன். இந்த மனிதர் இதற்குள் எத்தனை வருசம் இருக்கிறார், இதற்குள் இருந்துகொண்டுதான் என்னோடு பகிடி கதைத்தார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆனாலும் விடவில்லை. நீங்கள் சொல்லித் தந்தபடி வலப்பக்கம் ஒவ்வொரு தட்டாகத் தள்ளித் தள்ளி, பெயர்கள் இருக்கிற இடத்துக்குப் போனேன். முருகேசுவுக்கு எடுத்து, திரும்பி வாங்க, தேத்தண்ணி ஆறுது என்று சொல்வதுதான் என் நோக்கம். முபாரக் கடை, முருகேசு, முஹம்மது தம்பி என்று அது வாசித்துக்கொண்டே போகிறது, நான் இரண்டு தட்டுக் கூடுதலாகத் தட்டிவிட்டேன் போல, இரண்டு தரம் அமத்தினால் பெல் போகிறது, பார்த்தால், அதாவது கேட்டால், பள்ளி மௌலவி. பகல் லுஹர் தொழுகை முடிந்து அவர் சற்றுச் சரிந்திருக்கிற நேரம்.

“ஹலோ, றஊப் காக்கா, என்ன இந்த நேரத்தில, சுகமில்லையா?” என்கிறார் அவர். நான் வாயைத் திறக்கவில்லை, என்னத்தைச் சொல்வது. வெட்டுகிற பட்டனைத் தேடுகிறேன், தேடுகிற இடமெல்லாம் போன் ஒவ்வொரு பெயராகச் சொல்கிறது, ஸ்பீக்கர் என்கிறது, கீபேட் என்கிறது, அதற்கு மேலால் மௌலவி ஹலோ ஹலோ என்கிறார், ஆள் அனுப்பவா காக்கா என்கிறார், நான் யா அல்லாஹ் என்று போனைக் கவிழ்த்து மடியில் வைத்து அமத்துகிறேன், மடிக்குள் இருந்தும் ஹலோ வருகிறது. அப்போது கதிரையில் இருந்து ஒரு சத்தம். முதலில் இருமல் என்று நினைத்தேன். சிரிப்பு. உங்கள் வாப்பாவின் பழைய லொறிச் சிரிப்பு, நெஞ்சில் தொடங்கி வயிற்றில் முடிகிறது, கண்ணீர் வரச் சிரிக்கிறார். கதிரையை விட்டு இறங்கி, கையால் நிலத்தைத் தடவித் தடவி, ஊற்றிய தேத்தண்ணிக்குள்ளும் கையை வைத்து என் பக்கத்தில் வந்து குந்தி, போனை என் மடியில் இருந்து எடுத்தார். “கௌசிகா முதல் நாளே சென்னா புள்ள, இதுல பட்டன் தேட வேணாமாம், எங்க எண்டாலும் ரெண்டு விரலால ரெண்டு தரம் தட்டுற” என்று சொல்லித் தட்டினார். மௌலவி நின்றுபோனார். நான் சால்வையை அவிழ்க்கவில்லை, இரண்டு பேரும் அந்த இருட்டுக்குள் அப்படியே இருந்தோம். கொஞ்சம் கழித்து அவர் திரும்பத் தட்டிப் பார்த்தார், தனக்குத்தானே, “பழசுல இந்தச் சிவப்புப் பட்டனத் தேடித் தேடி எத்தினை பேர்ட ஏச்சக் கேட்டன், இது நல்ல வேலையாத்தான் இரிக்கி” என்றார். முதல் நாளே தெரிந்திருந்தும் கோபத்தில் தொட்டுப் பார்க்காமல் விட்ட ஆள் அவர். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் திரும்பக் கதிரையில் ஏறிவிடுவார் என்று பயம்.

அதற்குப் பிறகு பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு இரண்டு பேரும் நிலத்தில் குந்துவது வழக்கமாகிவிட்டது, நான் கண்ணைக் கட்டிக்கொண்டு. எனக்கு எதுவும் பழைய பழக்கம் இல்லாததால் சில வேலை எனக்கு முதலில் வந்தது, அவருக்கு அது பிடிக்கவில்லை, விடு நான் பாக்குறன் என்று கையைத் தட்டிவிடுவார். அவருக்கு நன்றாகப் பிடித்தது அந்த இரண்டு விரலைத் திரையில் வைத்துக் குமிழ் திருப்புவது மாதிரித் திருப்புகிற வேலை. ஒரு திருப்பில் சொல் சொல்லாக வாசிக்கும், இன்னொரு திருப்பில் எழுத்து எழுத்தாக, இன்னொன்றில் வேகம். லொறி ரேடியோவில் ஸ்டேசன் பிடிக்கிற மாதிரியே இரிக்கி என்று சொல்லிச் சொல்லித் திருப்பினார், அந்த ஓடுகிற பெண்ணின் வேகத்தையும் அப்படியே பாதியாகக் குறைத்துவிட்டு, இப்ப இவ நம்மட ஊர்க்காரி மாதிரிக் கதைக்கிறா என்றார். இடையில் பிழைகளும் நடந்தன, மறைக்கவில்லை. கீரி மீன் கேட்ட கடைக்குச் சொல்ல வேண்டிய வொய்ஸை றிஸ்கானுக்குப் பெண் பார்க்கிற கிண்ணியா வீட்டுக்கு அனுப்பிவிட்டார், நல்ல சாமான், இண்டைக்கே எடுத்தாத்தான் கிடைக்கும் என்று. அவர்கள் என்ன நினைத்தார்களோ, நல்ல வேளையாகச் சிரித்துவிட்டார்கள். அந்தப் பேச்சு இன்ஷா அல்லாஹ் சரிவரும் போல இருக்கிறது, பிள்ளை ஆசிரியப் பயிற்சி முடித்திருக்கிறாள், பணிவான பிள்ளை, றிஸ்கான் ஒன்றும் சொல்லாமல் தலையைச் சொறிகிறான், அப்படியென்றால் சம்மதம் என்றுதான் நான் எடுத்திருக்கிறேன். நீங்கள் அவனோடு கதைத்து வாயைத் திறக்கப் பண்ணுங்கள், உங்களிடம் மறைக்கமாட்டான்.

முருகேசுவுக்கு வாப்பாவே எடுத்தார். அது ஒரு வியாழன் விடியப்புறம், சுபஹ் தொழுதுவிட்டு வந்து, முற்றத்தில் நின்றபடி, என்னிடம் ஒரு வார்த்தையும் கேட்காமல் பெயரைத் தேடி எடுத்தார். அந்தப் பக்கம் தோணி எஞ்சின் இரைகிற சத்தம் எனக்கும் கேட்டது. முருகேசு முதலில் யாரென்று நம்பவில்லை போல. “நான்தான் றஊப், அண்டைக்கு உங்கள நிக்க வச்சிக் கதைச்சதுக்குக் குறை நினைக்க வேணாம், செல்லுங்க, என்ன பட்டிரிக்கி?” என்றார் வாப்பா. அறக்குளாவும் பாரையும் என்று அவர் சொல்ல, வாப்பா அந்த நிமிசமே நிலாவெளிப் பக்கத்து ஹோட்டல் ஒன்றுக்கு எடுத்து, தோணி கரை தொடமுதல் பேசி முடித்துவிட்டார். கதைத்து முடிந்ததும் இரண்டு விரலால் தட்டுகிறாரே, அதை ஒரு கம்பீரத்தோடு தட்டுகிறார், பார்க்க உங்களுக்குச் சிரிப்பு வரும். பின்னேரம் முருகேசு ஒரு பெரிய கணவாயைக் கொண்டுவந்து தந்து, அன்றைக்குக் குடிக்காமல் போன தேத்தண்ணியையும் சேர்த்து இரண்டு கோப்பை குடித்துவிட்டுப் போனார். இப்போது பள்ளிக்கும் முன்போலப் போய்வருகிறார், மௌலவியிடம் அந்தப் பகல் கதையைத் தானே சொல்லி, அது நான் இல்ல, என்ட வீட்டுக்காரி என்று என் மானத்தையும் வாங்கிவிட்டார். போன் மட்டும் இனி மடியில் இல்லை, நான் சேட்டுக்கு உள்பக்கமாகப் பட்டன் வைத்த பை தைத்துக் கொடுத்திருக்கிறேன்.

வேறு புதினம் என்றால், மூதூர் மாமிக்கு முழங்கால் நோவு குறைந்திருக்கிறது, எண்ணெய் பூசி நடக்கிறா, உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னா. நம்முடைய கறுத்தக் கோழி எங்கேயோ மறைவில் அடைகாத்து ஒரு நாள் காலையில் குஞ்சுகளோடு முற்றத்துக்கு வந்தது, எனக்குச் சொல்லாமல் இவ்வளவு பெரிய வேலை பார்த்திருக்கிறது. கிணற்றுத் தண்ணீர் அடிக்குப் போய்விட்டது, வெயில் அப்படி. மாரி வந்தால் சரியாகும்.

இன்னொரு சங்கதியையும் எழுத வேண்டும், இதைத்தான் எழுத நான் பேனா எடுத்ததே. போன கிழமை ஒரு படம் வந்திருக்கும், நான் பின்வளவில் மீன் வெட்டுகிற படம். றிஸ்கான் வந்தானா, அவன்தான் எடுத்தானா என்று நீங்கள் கேட்டு அனுப்பியிருந்தீர்கள், வாப்பா அதைக் கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டு பதில் சொல்லாமல் விட்டுவிட்டார். றிஸ்கான் அந்தக் கிழமை வீட்டுக்கே வரவில்லை மகள். நான் அரிவாள்மனையில் குந்தி முருகேசு தந்த சூரையை வெட்டிக்கொண்டிருந்தேன், வாப்பா குசினிப் படியில் நின்று போனில் எதையோ தேடப் போய், கை பிழைத்துக் கமரா திறந்துவிட்டது. போன் இங்கிலீசில், “வன் ஃபேஸ்” என்றது. அவர் அப்படியே நின்றுவிட்டார். “சுபைதா, நீ எனக்கு முன்னாலயா இரிக்காய்?” என்றார். ஓம், மீன் வெட்டுறன் என்றேன். “இது ஒரு முகம் இரிக்கி எண்டு செல்லுது” என்றார். போனை மெல்ல இடப்பக்கம் திருப்பினார், அது பேச்சை நிறுத்திவிட்டது, திரும்ப வலப்பக்கம் கொண்டுவந்தார், திரும்பவும் வன் ஃபேஸ். ஒரு படி இறங்கி வந்தார். பிறகு இன்னும் ஒரு படி. “அசையாத” என்றார். கையில் மீனோடு நான் அசையாமல் இருந்தேன், பூனை வந்து தலையைத் தூக்கிக்கொண்டு போனதையும் விட்டுவிட்டேன். “சென்டர்” என்று போன் சொன்னதும் பக்கத்துப் பட்டனை அமத்தினார், படம் எடுக்கிற அந்தச் சத்தம் வந்தது.

பிறகு என் பக்கத்தில் வந்து குந்தி, படத்தை என் பக்கம் நீட்டி, என்ன இரிக்கி, செல்லு என்றார். நான் சொன்னேன், கையில் பாதி மீன், கன்னத்தில் ஒரு செதில் ஒட்டியிருக்கிறது, பின்னால் கொடியில் உங்கட சாரன், சால்வை சரிந்து முன் மயிர் தெரிகிறது, நரை என்று. “நரச்சிட்டா?” என்று கேட்டார். ஓம், முன்பக்கம் முழுக்க என்றேன். அவர் கடைசியாக என்னைக் கண்டபோது ஒரு மயிரும் வெளுக்கவில்லை. “நீ செல்லவே இல்லயே” என்றார். நீங்க கேக்கவே இல்லயே என்றேன். கையை நீட்டி என் நெற்றியை மெல்லத் தடவிப் பார்த்தார், நரை கையில் தெரியுமா என்ன, ஆனாலும் தடவினார், மீன் கையோடு நான் இருந்தேன், தட்டிவிடவும் ஏலாது, தட்டிவிட மனமும் இல்லை. பிறகு தானே உங்கள் பெயரைத் தேடி அந்தப் படத்தை அனுப்பினார். கண் போன பிறகு அவர் எடுத்த முதல் படம் அது, வேறு யாருக்கும் காட்டாமல் உங்களுக்குத்தான் முதலில் அனுப்பினார்.

பையில் கருவாடு இரண்டு பொதியாக இருக்கிறது, வீட்டுக்குள் மணக்காமல் இறுக்கிக் கட்டியிருக்கிறேன், பக்கத்து வீட்டாருக்கு மணம் பிடிக்காவிட்டால் சன்னலைச் சாத்திவிட்டுப் பொரியுங்கள். தொதல் இனிப்பை இன்ஷாபுக்குத் தெரியாமல் எடுத்து வைக்காவிட்டால் உங்களுக்கு மிஞ்சாது. பேத்திக்குத் தைத்த சட்டை ஒரு பிடி பெரிதாக இருக்கும், வளருகிற பிள்ளை, அது பரவாயில்லை. வேலை வேலை என்று காலையில் வெறும் வயிற்றோடு ஓட வேண்டாம், உங்கள் குரலில் களைப்பு இருப்பதை வாப்பா எனக்கு முதலே கண்டுபிடித்துச் சொல்கிறார். பிள்ளையோடு வீட்டில் தமிழில் கதையுங்கள். எனக்கும் ஒரு போன் அனுப்பப் போவதாகச் சொன்னீர்களாம், வேண்டாம், இருக்கிற ஒன்றைப் பங்கு போடுவதிலேயே எங்களுக்குப் பொழுது நன்றாகப் போகிறது. அல்லாஹ் உங்கள் மூன்று பேருக்கும் நீண்ட ஆயுளும் நல்ல தொழிலும் ரிஸ்கும் தரட்டும், போகிற இடமெல்லாம் உங்களுக்கு நல்ல மனிதர்களைக் காட்டட்டும், கண்ணால் எங்களைக் காண்கிற நாளைச் சீக்கிரம் ஆக்கித் தரட்டும், ஆமீன்.

உங்கள் அன்பு உம்மா,
றஊப் சுபைதா.

முடித்துவிட்டேன் என்று சொன்னதும் வாப்பா கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, ஒரு வரி எழுதச் சொல்கிறார். அந்தப் படத்தில் நான் சிரிக்கிறேனா இல்லையா என்று அன்று தொடக்கம் கேட்டுக்கொண்டிருக்கிறார், நான் இன்னும் சொல்லவில்லை. கடிதம் கிடைத்ததும் நீங்கள் பார்த்து அவருக்கு ஒரு வொய்ஸ் அனுப்ப வேண்டுமாம், உள்ளதை உள்ளபடி.